பிளோறன்ஸுக்கு ஒன்று, ஏபர்லேக்கு மூன்று

லின்டன்பாக் நகரசபையில் இருபத்திரண்டு கதிரைகள். அதில் ஒன்றில் எப்படியாவது உட்கார்ந்துவிட வேண்டும் என்று பிளோறன்ஸ் ஒற்றைக்காலில் நின்றாள். பதவி ஆசை என்று யாரும் நினைக்க வேண்டாம். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரு பஸ். காலை நாலு நாற்பதுக்கு, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடி வீடுகளிலிருந்து மலைமேல் இருக்கும் கிளினிக்குக்கு ஒரேயொரு பஸ்.

கிளினிக்கில் துப்புரவு வேலை ஐந்து மணிக்குத் தொடங்கும். ஊரின் முதல் பஸ்ஸோ ஐந்து நாற்பத்தொன்றுக்குத்தான் புறப்படும். இந்த இரண்டு நேரங்களையும் தீர்மானித்தவர்கள் ஒருவரையொருவர் வாழ்க்கையில் சந்தித்ததே இல்லை போலும். ஆகவே பதினொரு பெண்கள் நாலேகாலுக்கு வீட்டைவிட்டு இறங்கி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து ஏறும் வீதியில் மூன்று கிலோமீற்றர் நடந்தார்கள். பாதிக்கு மேல் நடைபாதை இல்லை, தெருவிளக்கும் இல்லை. கிளினிக் களஞ்சியத்தில் கேட்டு வாங்கிய மஞ்சள் அங்கிகளைப் போட்டுக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக ஏறுவார்கள். முன்னால் போவது பிளோறன்ஸ். அவள்தான் அவர்களுக்கு மேற்பார்வை. இருபத்தாறு வருடமாக அந்த வீதியைக் காலால் அளந்தவள்.

தொண்ணூற்றொன்றில் மன்னாரிலிருந்து அகதியாக வந்தவள். இப்போது வயது ஐம்பத்தைந்து. குட்டையான உருவம், வேகமான நடை. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டாள். வீட்டில் கார் இல்லாமல் இல்லை. ஆனால் அவளுடைய கணவர் ராசனுக்குப் பொதிகள் பிரிக்கும் நிலையத்தில் இரவு வேலை. அவரும் காரும் ஆறரைக்குத்தான் வீடு திரும்புவார்கள்.

இரண்டாயிரத்து இருபத்துநாலு தை மாதத்தில் நேசமலர் அக்கா அந்த வீதியில் பனியில் வழுக்கி விழுந்தார். அறுபத்தொரு வயது மனுசி. வலது மணிக்கட்டு உடைந்தது. பிளோறன்ஸ் அன்றே நகரசபைக்கு ஓர் அன்ராக் எழுதினாள். விண்ணப்பம் என்று நல்ல தமிழில் சொல்லலாம்தான், ஆனால் ஜேர்மனியில் இருக்கும் தமிழர் எவரும் விண்ணப்பம் எழுதுவதில்லை, அன்ராக்தான் எழுதுவார்கள். ஆறு கிழமை கழித்து இரண்டு வரியில் பதில் வந்தது. போதிய தேவை இல்லையாம். அதை அவள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். பிறகு நகரசபைக் கூட்டத்துக்கே போய், பொதுமக்கள் கேள்வி நேரத்தில் எழுந்து கேட்டாள். நகர முதல்வர் மிகவும் அன்பாக நன்றி சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். கேள்வி கேட்பவர்களுக்கு நன்றிதான் கிடைக்கும், கை உயர்த்துபவர்களுக்குத்தான் பஸ் கிடைக்கும் என்று அவளுக்கு அன்றைக்கு விளங்கியது.

மறுநாள் ஹோல்ட்ஸ்ஆப்ஃபெல் ரீச்சரின் வீட்டு மணியை அடித்தாள். ஓய்வுபெற்ற அந்த ஆசிரியை எந்தக் கட்சியையும் சேராத ஊர்ப் பட்டியல் ஒன்றைத் தேர்தலுக்கு நிறுத்துகிறவர். பிளோறன்ஸை மேலும் கீழும் பார்த்தார், தேநீர் கொடுத்தார், பட்டியலில் பத்தொன்பதாவது இடத்தையும் கொடுத்தார்.

இந்த ஊர்த் தேர்தல் முறையைக் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் பிறகு நடந்த கூத்து விளங்காது. ஒவ்வொருவருக்கும் இருபத்திரண்டு வாக்குகள். அவற்றை ஆளுக்கொன்றாகப் பகிரலாம். பிடித்த ஒருவருக்கு மூன்று வரை அள்ளிக் கொடுக்கலாம். கொடுப்பதை அந்தப் பெயருக்கு நேரே எண்ணாக எழுதவேண்டும். மூன்று என்று எழுதினால் மூன்று வாக்கு. அதனால் பட்டியலின் அடியில் கிடப்பவர்கூட மேலே வந்துவிடலாம். “உங்கள் ஆட்கள் எல்லோரும் உங்களுக்கு மூன்று போட்டால், நீங்கள் உள்ளே,” என்றார் ரீச்சர்.

ஜேர்மன் குடியுரிமை எடுத்து வாக்குரிமையோடு இருந்த தமிழர் ஊரில் நூற்றுச்சொச்சம் பேர். அவர்களிடம் விஷயத்தைக் கொண்டுபோவதற்கு ராசனைவிடப் பொருத்தமானவர் இல்லை. தேவாலயத்தில் மாதமொருமுறை நடக்கும் தமிழ்ப் பூசையையும் ஒழுங்குசெய்வது அவர், ஊர்த் தமிழரின் வாட்ஸ்அப் குழுவை நடத்துவதும் அவர்.

“இஞ்சருங்கோ, சனத்துக்கு வடிவாச் சொல்லுங்கோ. என்ரை பேருக்கு நேரை மூண்டு. விளங்கிச்சோ?”

“ஓம் ஓம், விளங்குது,” என்றார் ராசன்.

அவருக்கு விளங்கவில்லை. அல்லது, வேறு விதமாக விளங்கிவிட்டது. எண்பத்தெட்டாம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில், மன்னார் மாவட்டக் கச்சேரி அலுவலகத்தில் இளம் எழுதுவினைஞராக இருந்த ராசன் வாக்குச்சாவடியில் கடமை பார்த்தவர். ஒரேயொரு நாள்தான். ஆனால் அந்த ஒரு நாளை வைத்துக்கொண்டு முப்பத்தைந்து வருடமாகத் தேர்தல் நிபுணராக வாழ்ந்துவருகிறார். அங்கே வாக்காளர் தமக்கு மிகப் பிடித்தவருக்கு நேரே ஒன்று என்று எழுதுவார்கள். அடுத்தவருக்கு இரண்டு, அதற்கும் அடுத்தவருக்கு மூன்று. அது விருப்பத்தின் வரிசை. தன் மனைவி தனக்கு மூன்றாம் இடத்தைக் கேட்கிறாளே என்று ராசனுக்கு நெஞ்சு பதறியது. அந்த ரீச்சர் தன் பெயரை முன்னுக்குக் கொண்டுவர இவளை ஏமாற்றிவிட்டார் என்று முடிவுகட்டினார். சொன்னால் மனம் நோவாள் என்று அவளிடம் சொல்லவுமில்லை. சத்தம்போடாமல் தானே திருத்திவிட்டார்.

பிளோறன்ஸுக்கு வார இறுதி வேலை விழுந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு மாதிரித் தாள் விநியோகிக்கப்பட்டது. குடும்பப் பெயராகக் கணவர் பெயர் முன்னால் நிற்க, ‘ராசன், பிளோறன்ஸ்: 1.’ ரீச்சருக்கு மரியாதைக்காக 2. மூன்றாவதாக யாரைப் போடுவது என்று அவருக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை. அதே பட்டியலில் ஏபர்லே நின்றார். சாரதிப் பயிற்சிப் பள்ளி வைத்திருப்பவர். ஊரில் கார் ஓட்டும் தமிழரில் பாதிப்பேர் அவரிடம் பழகியவர்கள், தங்களுக்குள் லைசென்ஸ் மாஸ்ரர் என்றுதான் அவரைச் சொல்வார்கள். ராசனே மூன்று முறை கோட்டைவிட்டு, மாஸ்ரரின் பொறுமையால் நாலாவது முறை தேறியவர். ஏபர்லே: 3.

“மூண்டையும் போடாட்டி சீட்டுச் செல்லாது,” என்றும் சொல்லிவைத்தார். அதே தாள் குழுவிலும் போனது. வேட்பாளர் குழுவில் இருந்தால் முறைகேடு என்று பிளோறன்ஸை அவர் அதற்கு முதலே குழுவிலிருந்து நீக்கியிருந்தார்.

இதில் இன்னொரு கூத்து, அந்த ஏபர்லே பஸ்ஸுக்கு எதிரானவர். “காலை நாலரைக்கு அதில் சாரதியும் அவருடைய ரேடியோவும் மட்டும்தான் போவார்கள்,” என்று வேட்பாளர் அறிமுகக் கூட்டத்தில் சொல்லிக் கைதட்டு வாங்கியவர். அதைச் சொன்னபோது பிளோறன்ஸ் மேடையில் அவருக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஆனி மாதம் பத்தாம் திகதி, திங்கட்கிழமை மாலை, நகரசபை முன்மண்டபத்துத் திரையில் முடிவுகள் வந்தன. ஊர்ப் பட்டியலுக்கு நாலு கதிரை. முதலில் ரீச்சர், பிறகு ஒரு வைத்தியர், பிறகு திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர். நாலாவது ஏபர்லே, ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து மூன்று. ஐந்தாவது பிளோறன்ஸ், ஆயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டு.

அறுபத்தொரு வாக்கு. பத்தொன்பதாவது இடத்திலிருந்து ஐந்துக்கு ஏறியது பெரிய சாதனை என்று எல்லோரும் கை கொடுத்தார்கள். “நீங்கள்தான் முதல் மாற்று உறுப்பினர். யாராவது விலகினால் உங்களுக்குத்தான் இடம்,” என்றார் ரீச்சர். ஐந்து வருடத்துக்குள் நாலு பேரில் ஒருவர் சாகவேண்டும், அல்லது ஊரைவிட்டுப் போகவேண்டும். பிளோறன்ஸ் தினமும் செபம் செய்கிறவள்தான், ஆனால் அந்த மாதிரிச் செபம் அவளுக்கு வராது. எல்லோருக்கும் சிரித்துக் கைகொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, குசினிக் கதிரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ராசன் தேநீர் போட்டுக் கொடுத்தார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

அடுத்த நாள் நாலேகாலுக்கு வழக்கம்போல மலை ஏறினார்கள். பின்னால் வந்த நேசமலர் அக்கா மூச்சு வாங்க ஆறுதல் சொன்னார்.

“நீர் கவலைப்படாதையும் பிளோறன்ஸ். நான் உமக்கு ஒண்டு போட்டனான். முதலாமிடம்! அந்த ஒண்டை வேறை ஆருக்கும் குடுக்கேல்லை.”

பிளோறன்ஸ் நின்றாள். பின்னால் வந்தவர்கள் ஒருவரில் ஒருவர் முட்டிக்கொண்டார்கள்.

“என்னக்கா போட்டனீங்கள்?”

“ஒண்டு. ரீச்சருக்கு ரெண்டு, லைசென்ஸ் மாஸ்ரருக்கு மூண்டு. ராசன் தம்பி தந்த பேப்பரிலை இருந்த மாதிரியே, ஒரு பிசகும் இல்லை.”

அன்று மதியத்துக்குள் பிளோறன்ஸ் எட்டுப் பேரைக் கேட்டுவிட்டாள். பள்ளிக்கூடம் இங்கே படித்த பிள்ளைகள் மட்டும் சரியாகப் போட்டிருந்தார்கள். பெரியவர்கள் எல்லோரும், அவள் கணக்கில் ஒரு தொண்ணூறு பேர், ராசனின் தாளை வேதவாக்காக எடுத்திருந்தார்கள். அவளுக்கு ஒன்று, ஏபர்லேக்கு மூன்று. அதில் பதினாறு பேர், வெறும் பதினாறு பேர், மாற்றிப் போட்டிருந்தால் கதிரை அவளுடையது.

இரண்டு மணிக்கு வீடு வந்தபோது ராசன் நித்திரையால் எழும்பி உட்கார்ந்திருந்தார். நேசமலர் அக்காவிடம் வாங்கிவந்த மாதிரித் தாளை மேசையில் வைத்தாள்.

“மூண்டு எண்டு சொன்னனானோ இல்லையோ?”

“சொன்னனீ… ஆனா அந்த ரீச்சர் உன்னைப் பேய்க்காட்டிப்போட்டா எண்டு நான்…”

“நீங்கள் எனக்கு எத்தினை போட்டனீங்கள்?”

ராசன் குளிர்சாதனப் பெட்டியைப் பார்த்தார். அதிலும் நகரசபையின் கடிதம்தான் தொங்கியது. “ஒண்டு,” என்றார்.

“கட்டின மனுசிக்கு ஒண்டு. கார் பழக்கினவருக்கு மூண்டு. சீட்டிலை கிடந்தது உங்கடை பேரும்தானே, அதுக்காகவாவது…” அவள் தாளை அவர் பக்கம் தள்ளினாள். “வாக்குப் போனதுக்கு நான் அழேல்லை. என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் விளங்காமல் சொல்லுறன் எண்டு நீங்களாவே முடிவெடுத்திட்டியள். முப்பது வருசமா இந்த நாட்டிலை ஒவ்வொரு கடுதாசியையும் வாசிச்சு உங்களுக்குச் சொல்லுறது ஆர்?”

ராசனுக்கு மன்னிப்புக் கேட்க வரவில்லை. கேட்டுப் பழகாத வாய்.

கேட்பதற்குப் பதிலாக அவர் ஓடித்திரிந்தார். தேர்தல் முடிவை எதிர்த்து ஓர் அன்ராக் எழுதி ரீச்சரிடம் கொண்டுபோனார். ரீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எழுதியிருப்பதைத்தான் எண்ணுவார்கள், நினைத்ததை எண்ணுவதில்லை, எண்ணியதில் பிழை இல்லை என்று விளக்கி அனுப்பினார். அடுத்து, ஏபர்லேயிடமே போய்க் கதிரையை விட்டுத்தரும்படி கேட்கப்போவதாகச் சப்பாத்துப் போட்டார்.

“கழட்டுங்கோ அதை,” என்றாள் பிளோறன்ஸ். “ஒருத்தரிட்டையும் கதிரை கேட்டுப் போகேலாது. எனக்கு வேண்டியது பஸ்.”

போக வேண்டியிருக்கவும் இல்லை, ஏபர்லே தானாகவே வந்தார். ஆடி மாதத் தமிழ்ப் பூசை முடிந்து எல்லோரும் பங்கு மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பெரிய தட்டில் செரிப்பழக் கேக்கோடு அவர் நுழைந்தார். ஆறடி உயரம், வெள்ளை மீசை. வாக்குச்சாவடி வாரியான கணக்கில், தமிழர் வாக்களிக்கும் இந்த மண்டபத்துச் சாவடியில் தனக்குக் குவிந்திருந்த வாக்குகளைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

“இத்தனை வருடம் இந்த ஊரில் வாழ்ந்தும் யாரும் என்னை இப்படி நம்பியதில்லை,” என்று ஜேர்மனில் பேசினார். மீசை துடித்தது. “உங்கள் சமூகம் என்னை நெகிழவைத்துவிட்டது. உங்களுக்காக நான் பேசுவேன்.”

தொண்ணூறு பேர் தங்கள் சப்பாத்துகளைப் பார்த்தார்கள். ராசன் தேநீர்ப் பாத்திரத்துக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடினார். விட்டிருந்தால் மனுசன் சந்தோசமாகப் போயிருப்பார். பிளோறன்ஸ் விடவில்லை, எழுந்தாள்.

“ஹெர் ஏபர்லே, கேக்குக்கு நன்றி. ஆனால் உங்களுக்கு உண்மை தெரியவேண்டும். எங்கள் நாட்டு ஜனாதிபதித் தேர்தலில் ஒன்று என்றால் முதல் விருப்பம், மூன்று என்றால் மூன்றாவது. இவர்கள் அந்த நினைப்பில் எழுதிவிட்டார்கள். இவர்களுக்கு உங்களைப் பிடிக்கும். ஆனால் மூன்றாவதாகத்தான் பிடிக்கும்.”

கேக் வெட்டும் கத்தி ஏபர்லேயின் கையிலேயே நின்றது. முகம் கழுத்துவரை சிவந்தது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

“அப்படியென்றால்… என் கதிரை…”

“கதிரை உங்களுடையது. சட்டம் அப்படித்தான். நான் அதைக் கேட்கவில்லை. ஆனால் அந்த வாக்குகள் ஒரு பஸ்ஸுக்காகப் போட்டவை, ஃப்றாவ் ராசன், அதாவது நான், கொண்டுவருவேன் என்று நம்பிப் போட்டவை. அதில் ரேடியோ மட்டும்தான் போகும் என்று நீங்கள் சொன்னீர்கள். நாளைக்கு நாலேகாலுக்கு எங்களோடு நடந்து பாருங்கள். பிறகு சொல்லுங்கள்.”

ஏபர்லே ரோசக்காரர். “வருகிறேன்,” என்றார். கேக்கையும் தானே வெட்டி எல்லோருக்கும் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

சொன்னபடி வந்தார். வந்து கெடுத்தார். ஆடி மாத விடியற்காலை, வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. குருவிகள் கத்தின, திராட்சை இலைகளில் இதமான காற்று. ஏபர்லே நின்று நின்று படம் பிடித்தார். “இதைப் பார்க்க ஆட்கள் எவ்வளவு தூரத்திலிருந்து விடுமுறைக்கு வருகிறார்கள்! உடம்புக்கும் நல்லது,” என்றார். பெண்கள் மரியாதைக்குச் சிரித்தார்கள். பிளோறன்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கிளினிக் வாசலில் அவள் கையை நீட்டினாள். “கார்த்திகையிலும் வாருங்கள். மழை பெய்கிற நாளாகப் பார்த்து நான் கூப்பிடுவேன்.”

கார்த்திகை என்பதை நொவெம்பர் என்றுதான் சொன்னாள். ஏபர்லே யோசிக்காமல் கைகொடுத்தார்.

அன்றிலிருந்து பிளோறன்ஸின் கைப்பையில் ஒரு பள்ளிக்கூடக் கொப்பி இருந்தது. ஒவ்வொரு நாளும் யார் யார் நடந்தார்கள், என்ன காலநிலை, எந்த வளைவில் எந்த வாகனம் உரசிக்கொண்டு போனது, எல்லாவற்றையும் எழுதி ஒவ்வொருவரிடமும் கையொப்பம் வாங்கினாள். கிளினிக் சமையலறையில் கேட்டாள், தாதிமாரைக் கேட்டாள், அதே மலையில் இருக்கும் பேக்கரியில் கேட்டாள். அந்த நேரத்துக்கு பஸ் இருந்தால் ஏறுகிறவர்கள் பத்தொன்பது பேர் என்று பெயரோடு தேறியது. மூன்று கொப்பிகள் நிரம்பியதும் ரீச்சரிடம் கொடுத்தாள். ரீச்சர் அதை மார்கழிக் கூட்டத்துக்குப் பிரேரணையாக எழுதினார்.

கார்த்திகை மூன்றாம் கிழமை, வானம் பொத்துக்கொண்டு கொட்டிய ஒரு நாளுக்கு முதல்நாள் பிளோறன்ஸ் தொலைபேசியை எடுத்தாள்.

ஏபர்லே கூரையில் பயிற்சிப் பள்ளிப் பலகை மாட்டிய காரில் வந்து, கண்ணாடியை இறக்கினார். “ஏறுங்கள், ஏறுங்கள், இந்த மழையில் எப்படி நடப்பது?”

“நாலு பேர் ஏறலாம். மற்ற ஏழு பேர்?”

அவர் காரை ஓரம்கட்டினார். மையிருட்டு. குடை நிற்கவில்லை. மஞ்சள் அங்கிகளுக்குப் பின்னால் கடைசி ஆளாக நடந்தார். இரண்டாவது வளைவில் பால் லொறி ஒன்று இறங்கி வந்தது. பெண்கள் பழக்கத்தில் ஒரே நேரத்தில் தோட்டச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். ஏபர்லேக்கு அந்தப் பழக்கம் இல்லை. நேசமலர் அக்காதான் உடைந்து ஒட்டிய கையால் அவரை இழுத்துச் சுவரில் சாத்தினார். லொறி அடித்த சேறு அவருடைய காற்சட்டையில் முழங்கால்வரை ஏறியது.

கைவிளக்கு வெளிச்சத்தில் அவர் அக்காவின் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். “நீங்கள் என்னிடம் ஓட்டப் பழகியவர் அல்லவா? முதல் தடவையே தேறினீர்கள். பிறகு ஏன் நடக்கிறீர்கள்?”

“லைசென்ஸ் இருக்கிறது,” என்றார் அக்கா தன்னுடைய ஜேர்மனில். “கார் இல்லை.”

அந்தப் பதினொரு பேரில் நாலு பேர் அவருடைய மாணவிகள். கிளினிக் வாசலில் ஏபர்லே எல்லோருக்கும் தலையசைத்துவிட்டு, தன் காரிருக்கும் இடத்துக்கு அதே மழையில் தனியாக இறங்கிப் போனார்.

மார்கழிக் கூட்டத்தில் பார்வையாளர் அமரும் வாங்குகள் நிரம்பியிருந்தன. பதினொரு பெண்களும் வந்திருந்தார்கள், ஒரு மூலையில் ராசனும். ரீச்சர் மூன்று கொப்பிகளையும் மேசையில் அடுக்கிவைத்துப் பேசினார். வேறு சிலர் இது ஆடம்பரம் என்றார்கள். ஏபர்லே எதுவும் பேசவில்லை. வெற்று பஸ் என்று அவர் சொன்னது ஊர்ப் பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்த விஷயம். மனுசன் தன் வாயால் சொன்னதற்கு எதிராக எழும்பக் கூச்சப்பட்டார் போல இருந்தது.

முதல்வரோடு சேர்த்து இருபத்து மூன்று வாக்குகள். பன்னிரண்டு வேண்டும். “ஆதரவானவர்கள் கை உயர்த்துங்கள்,” என்றார் முதல்வர்.

பிளோறன்ஸ் எண்ணினாள். பதினொன்று. மறுபடி எண்ணினாள். பதினொன்றுதான். ஏபர்லேயின் இரண்டு கைகளும் மேசைமேல் கிடந்தன. தன்னுடைய வலது கை உயர்ந்திருப்பதை அவள் அப்போது கவனிக்கவே இல்லை.

“ஃப்றாவ் ராசன்,” என்றார் முதல்வர் மெதுவாக, “பார்வையாளர்களுக்கு வாக்கு இல்லை.”

யாரோ சிரித்தார்கள். பிளோறன்ஸ் கையை இறக்கி மடியில் வைத்தாள். அந்தக் கதிரையை இழந்தது தேர்தல் முடிவு வந்த நாளைவிட அந்தக் கணத்தில்தான் அவளுக்கு அதிகமாக வலித்தது. இருந்தும் அவள் தலையைக் குனியவில்லை. நேரே ஏபர்லேயைப் பார்த்தாள். அவரும் திரும்பிப் பார்த்தார், அவளை, பிறகு அவளுக்குப் பக்கத்தில் கையை மடியில் தாங்கிக்கொண்டிருந்த நேசமலர் அக்காவை. பிறகு இருமினார். பெரிய கை ஒன்று மெல்ல மேலே போனது.

பன்னிரண்டு. ஒரு வருடத்துக்குச் சோதனை ஓட்டம், திங்கள் முதல் சனி வரை.

வெளியே ஏபர்லே கைகொடுக்க வந்தபோது பிளோறன்ஸ் நன்றி சொன்னாள். மனமாரத்தான் சொன்னாள். சொன்ன கையோடு, “ஞாயிறு?” என்றும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் கிளினிக்கில் கழிப்பறைகள் அழுக்காகத்தான் செய்தன.

“முதலில் திங்கள் ஓடட்டும், ஃப்றாவ் ராசன்,” என்று அவர் மீசையைத் தடவிக்கொண்டு போனார்.

மாசி மாதத்து முதல் திங்கள், நாலு நாற்பதுக்கு பஸ் வந்தது. எட்டே நிமிடத்தில் மேலே போய்விட்டது. நேசமலர் அக்கா இறங்க மனமில்லாமல் இன்னொரு சுற்றுப் போகலாமோ என்று சாரதியைக் கேட்டார். அந்த நேரத்தை ராசன் தமிழில் அறிவித்தலாக எழுதிக் குழுவில் போட்டிருந்தார். போடுவதற்கு முதல் அவளிடம் இரண்டு தரம் காட்டினார்.

அந்தக் கிழமை ஞாயிறு பிளோறன்ஸுக்கு வேலை இருந்தது. நாலேகாலுக்கு அவள் கதவைத் திறந்தபோது வாசலில் ராசன் நின்றார். சனி இரவு அவருக்கு ஓய்வு. சப்பாத்து, குளிர்ச்சட்டை, அதற்குமேல் எங்கிருந்தோ எடுத்த ஒரு மஞ்சள் அங்கி.

“இதென்ன கோலம்?”

“நானும் வாறன்,” என்றார்.

“கார் கிடக்குது. ஏத்திக்கொண்டு போய் விடலாமே?”

“மற்றப் பொம்பிளையள் நடக்கினம்தானே. நடந்தே வாறன்.”

இன்றுவரை அவர் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை. அவளுடைய ஒவ்வொரு ஞாயிறு வேலைக்கும் நடக்கிறார். அந்த முதல் ஞாயிறு இரண்டாவது வளைவில் மூச்சு வாங்க நின்றவர் கேட்டார்.

“அடுத்த முறையும் தேர்தல் கேப்பியோ?”

“கேப்பன்.”

“அப்ப உனக்கு…” ராசன் நிறுத்திக்கொண்டார்.

“சொல்லுங்கோ. எனக்கு எத்தினை?”

“மூண்டு.”

“ஏபர்லேக்கு?”

ராசன் கொஞ்ச நேரம் யோசித்தார். பெரிய தேர்தல் நிபுணர் அல்லவா. “கை உயர்த்தின மனுசன்,” என்றார். “ஒண்டு போடலாம்.”

பிளோறன்ஸ் அந்த இருட்டில், நடைபாதையில்லாத வீதியில், சத்தம்போட்டுச் சிரித்தாள். ஆனி மாதத்துக்குப் பிறகு அவரோடு சேர்ந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. பிறகு நடையை எட்டிப் போட்டாள். ஐந்து மணிக்கு வேலை தொடங்கவேண்டும். கைப்பையில் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கான அன்ராக் ஒட்டிய உறையில் இருந்தது. வேலை முடிந்து இறங்கும்போது அதை நகரசபைத் தபால்பெட்டியில் போடவேண்டும்.